டெல்டாவிலிருந்து கதை எழுத வருகிறீர்களா? காவிரியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து புதிதாக எழுத வருகிறவர்களின் முதல் கதையில் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே காவிரி வந்துவிடும். பச்சைப்பசேல் வயல், சலசலக்கும் வாய்க்கால், வரப்பில் நிற்கும் தாத்தா, அப்புறம் தண்ணீர் வராத வருஷம், தாத்தா கண்ணீர் விடுவார், முற்றும். எழுதியவருக்கு வருத்தம் உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் படிக்கிறவருக்கு அந்தத் தாத்தா யாரென்றே தெரியாது. எத்தனை மா நிலத்தில் சாகுபடி, சொந்த நிலமா குத்தகையா, விதைநெல்லுக்கு யாரிடம் கைமாற்று வாங்கினார், அந்த ஆளை எதிரே பார்த்தால் நின்று பேசுவாரா இல்லை வேறு தெருவில் திரும்பிவிடுவாரா, ஒன்றும் கதையில் இருக்காது.

அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் சில கதைகளுக்கு ஆற்றைத் தொடாதீர்கள். இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலைப் பிடியுங்கள். பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை பம்புசெட் வைத்திருப்பவர் பக்கத்து வயல்காரர்களில் யாருக்கு முதலில் தண்ணீர் விடுகிறார், யாரைக் காக்க வைக்கிறார் என்பதில் ஒரு கதை இருக்கிறது. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய்ப்பணம் வாங்குவதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள் இல்லையா, அங்கே நோட்டில் பேர் எழுதுகிற பையன் ஒருவனை மட்டும் வைத்து நாலு கதை எழுதலாம். பெரிய விஷயங்களும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்களே, அதற்குப் பின்னால் இருந்தது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறு.

சரி, எப்படி எழுதுவது? ஒரு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நெல் கொள்முதல் நிலையம். ஒரு அம்மா நெல்லை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். புதிதாக எழுதுகிறவர் இப்படி எழுதுவார்: "கருமேகங்கள் சூழ்ந்தன. விவசாயியின் வாழ்க்கையே போராட்டம்தான் என்று செல்வியின் மனம் கதறியது." இதில் செல்வியும் இல்லை, நெல்லும் இல்லை.

நீங்கள் ஒரு நாள் அங்கே போய் உட்காருங்கள். நோட்டை வெளியே எடுக்க வேண்டாம், பார்த்தால் போதும். ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் ஒரு பிடி நெல்லைப் போடுகிறார்கள், 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள் (மழை வருஷங்களில் அரசு தளர்த்துவது உண்டு). தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் கிண்டிக்கொண்டே நடக்கிறார்கள். தார்ப்பாயின் ஓரத்தில் செங்கல்லுக்குப் பதில் யாரோ பழைய டயரை வைத்திருப்பார்கள். ஒரு மூட்டை 40 கிலோ. இதெல்லாம் கையில் இருந்தால் இப்படி எழுதலாம்:

"மெஷினைப் பார்த்துவிட்டு ரமேஷ் நிமிரவில்லை. 'பத்தொன்பது காட்டுது அத்தை. இன்னும் ஒரு வெயில் பட்டா போதும்.' செல்வி வானத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். 'உங்கம்மா கால் வலி தேவலையாப்பா?' என்றாள் செல்வி. 'இருக்காங்க அத்தை,' என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த சாக்கில் கையை விட்டான்."

இங்கே யாரும் கதறவில்லை. அவன் அவளை அத்தை என்று கூப்பிடுகிறான், அதனாலேயே மறுப்பது அவனுக்குக் கஷ்டம், கேட்பது அவளுக்கும் கஷ்டம். அவள் அவன் அம்மாவின் கால்வலியை விசாரிப்பதுதான் அவள் கேட்கிற சலுகை. அதை நீங்கள் விளக்கக் கூடாது. "அவள் குரலில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது" என்று ஒரு வரி சேர்த்தீர்களோ, காரியம் கெட்டது. அடுத்த சாக்கு யாருடையது, அதில் மெஷின் எவ்வளவு காட்டியது என்பதுதான் கதையின் அடுத்த வரி.

பேச்சு வழக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "தஞ்சாவூர் வட்டார வழக்கு" என்று ஒன்றே ஒன்று கிடையாது. நாகூரில் வாப்பா, உம்மா என்பார்கள். கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுக்குள் வேறு மொழியே ஓடும். ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு விளி மாறும். யார் யாரை "வாங்க" என்கிறார், யார் வயதில் மூத்தவரையே "வா" என்கிறார் என்று சரியாக எழுதினாலே போதும், சாதியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து பேச்சைப் பெயர்த்து வைத்தால் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கிவிடும். வாக்கியத்தின் கடைசியில் பேச்சுச் சாயல் தெரிந்தால் போதும், மீதி எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும்.

நேரமில்லை என்பவர்களுக்கு: கும்பகோணத்து எழுத்தாளர்களைப் பாருங்கள். கு.ப.ராஜகோபாலன் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர், ந.பிச்சமூர்த்தி வக்கீல், எம்.வி.வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் செய்தவர். வேலையை விட்டுவிட்டு எழுதலாம் என்று நீங்கள் நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். தமிழில் சிறுகதை எழுதி வீட்டு வாடகை கட்ட முடியாது. அதுவுமில்லாமல் உங்கள் வேலைதான் உங்கள் சரக்கு. அரவை மில்லில் கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிந்தது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தெரியாது.

முதல் கதையை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் வையுங்கள். ஒரே நாள், ஒரே இடம், பேசுகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். போனில் தட்டினாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. குரலில் சொல்லித் தட்டச்சு செய்வது வேகம்தான், ஆனால் நிறுத்தக்குறி ஒழுங்காக விழாது, நீங்கள் சொன்ன பேச்சுச் சொல்லை அதுவாகவே வேறு சொல்லாக மாற்றிவிடும். கடைசியில் நீங்கள்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு வாரம் பார்க்காதீர்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே கோடு போடுங்கள். முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், நிறையக் கதைகள் இரண்டாவது பத்தியில்தான் தொடங்குகின்றன. கடைசிப் பத்தியில் நீதி சொல்லியிருந்தால் அதையும் வெட்டுங்கள்.

படித்துச் சொல்ல ஆள் வேண்டும். வீட்டில் காட்டாதீர்கள்; ஒன்று பாராட்டுவார்கள், இல்லையென்றால் "இது நம்ம சித்தப்பா கதைதானே" என்று சண்டைக்கு வருவார்கள். (சித்தப்பாவை எழுதுவதென்றால் அவர் தொழிலையும் ஊரையும் மாற்றிவிடுங்கள், மீசையை மட்டும் எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்.) எழுத்தாளர் தஞ்சை பிரகாஷ் தஞ்சாவூரில் இளம் எழுத்தாளர்களைக் கூட்டிவைத்துக் கதை பேசியவர். அப்படி ஒரு கூட்டம் உங்கள் ஊரில் இல்லையென்றால் கிளை நூலகத்தில் நாலு பேர் சேர்ந்தாலே போதும். கேட்க வேண்டியது "எப்படி இருக்கு" என்றல்ல, "எந்த இடத்தில் மனசு விலகியது" என்று.

அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். அதற்கு முன் அந்த இதழின் இரண்டு மூன்று பழைய பிரதிகளைப் படியுங்கள், என்ன மாதிரிக் கதை போடுகிறார்கள் என்று தெரியும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். பதில் வராமலே போகலாம். காத்திருக்கும் நேரத்தில் அடுத்ததை எழுதுங்கள்.

பத்துப் பன்னிரண்டு கதை சேர்ந்ததும் புத்தக ஆசை வரும், பணம் கொடுத்தால் போட்டுத் தருகிறோம் என்று யாராவது கூப்பிடுவார்கள். உங்கள் காசில் உங்கள் புத்தகம் போடுவது தப்பில்லை, ஆனால் எத்தனை பிரதி, யார் விற்பது, விற்காத பிரதிகள் எங்கே போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனியாகக் காசு கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள், இந்தியாவில் அதை அரசு இலவசமாகத் தருகிறது. பதிப்புரிமை எழுதியபோதே உங்களுடையது, பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்தி, சினிமா, மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.