'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் 'கெட்' என்று கண்டதுமே 'பெறு' என்று எழுதிவிடும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அதற்கு அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள், அர்த்தம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 'கெட் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் வாங்குவது. 'கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. 'கெட் டு தக்கலை' என்றால் தக்கலை போய்ச் சேர்வது.

கன்னியாகுமரியில் வெளிநாட்டுப் பயணிகளோடு பேசுகிறவர்களுக்கு ஏறுவதும் இறங்குவதும்தான் முக்கியம். உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. ஆட்டோ, காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. ஆனால் வெறும் 'கெட் அவுட்' விரட்டுவதுபோலக் கேட்கும். அதனால் 'யூ கேன் கெட் அவுட் ஹியர்' என்றே சொல்லுங்கள்.