'ஓகே லாங் அகோ' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்: ஆஸ்திரேலியாவில் படிக்கும் பிலிப்பினோ மாணவர்களுக்கு

மெல்பர்னில் படிக்கும் பிள்ளையை மணிலாவிலிருந்து அம்மா வீடியோ காலில் கூப்பிட்டால் முதலில் கேட்பது, "குமாயின் கா நா பா?" சாப்பிட்டாயா என்று அர்த்தம். நம் வீட்டு அம்மாக்கள் கேட்பதும் இதுதானே. பதில் தயாராக இருக்கும்: "ஓகே லாங் அகோ", நான் நல்லாத்தான் இருக்கேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை, வகுப்புக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது என்றாலும் அதே பதில்தான்.

பெரிய தவறு இதுதான். ஆனால் இதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் பேசும் தகாலோக் மொழியில் 'ஹியா' என்று ஒரு சொல் உண்டு. கூச்சம், அவமானம், அடுத்தவர் முன் தலைகுனிவு எல்லாம் அதில் அடக்கம். 'உதாங் நா லோஓப்' என்றால் நன்றிக்கடன், காசு கொடுத்துத் தீர்க்க முடியாத கடன். படிப்புக்காக அப்பா நிலத்தை விற்றிருப்பார். அல்லது துபாயில் வேலை பார்க்கும் அக்கா மாதாமாதம் பணம் அனுப்புவாள். அவர்களிடம் போய் "என்னால் முடியவில்லை" என்று எப்படிச் சொல்வது? அந்தத் தயக்கத்தில் அன்பும் இருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்வது வேறு, உதவி கேட்பது வேறு. வீட்டில் சொல்ல முடியவில்லை என்பதற்காக எல்லோரிடமும் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பல்கலைக்கழகக் கவுன்சலரிடம், அதாவது மனநல ஆலோசகரிடம், இந்த வாரமே போகலாம்.

போகாததற்கு இன்னொரு காரணம் விசா பயம். கவுன்சலரைப் பார்த்தாலே விசா ரத்தாகிவிடாது. அங்கே பேசுவது ரகசியமாகவே இருக்கும். உயிருக்கு ஆபத்து, சட்டப்படி சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் போன்ற நிலைகளில்தான் விதிவிலக்கு. உண்மையில் விசாவுக்குச் சிக்கல் வருவது, யாரிடமும் சொல்லாமல் வகுப்பை விட்டு நின்றுவிடுவதால். உடல்நலமோ மனநலமோ சரியில்லை என்றால், மருத்துவச் சான்றிதழைக் காட்டிப் படிப்பைச் சில காலம் ஒத்திவைக்க ஆஸ்திரேலிய விதிகளில் வழி இருக்கிறது. பாடங்களில் தோற்ற பிறகு போகாமல், அதற்கு முன்பே மாணவர் சேவை அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் இலவசம். மாணவர் விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீடு டாக்டர் செலவில் ஒரு பங்கை ஏற்கும்.

சரி, ஒருமுறை போயாயிற்று. "அவங்களுக்கு என்னைப் புரியலை" என்று அதோடு விட்டுவிடுவது அடுத்த தவறு. 1970களில் பிலிப்பினோ உளவியலுக்கு அடித்தளமிட்ட விர்ஜிலியோ என்ரிகெஸ், தம் மக்கள் பிறரை 'இபாங் தாவோ' (வெளியாள்), 'ஹிந்தி இபாங் தாவோ' (நம்மவர்) என்று வேறுபடுத்திப் பார்ப்பதை விளக்கினார். வெளியாள் நம்மவராக மாறும் வரை மனசு திறக்காது. முதல் சந்திப்பில் கவுன்சலர் வெளியாள்தான். மூன்று நான்கு முறை போய்ப் பாருங்கள். அப்புறமும் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஜெபம் செய்தால் போதும் என்று இருந்துவிடுவதும் நடக்கிறது. டிசம்பர் 16 முதல் 24 வரை தேவாலயங்களில் நடக்கும் 'சிம்பாங் கபி' என்ற கிறிஸ்துமஸ் காலப் பூசைக்குப் போனால் வீட்டு ஏக்கம் கொஞ்சம் தணியும், கட்டாயம் போகட்டும். டாக்டரையும் பார்க்கட்டும்.

கூட இருக்கும் நண்பர்களிடம் ஒரு வார்த்தை. "காயா மோ யான்", அதாவது உன்னால முடியும் என்று சொல்வது நல்ல மனசோடுதான். ஆனால் தவிப்பவனுக்கு அது பேச்சை முடித்துவைப்பது போல இருக்கும். அதைவிட, "நானும் கூட வரேன்" என்று சொல்லிக் கவுன்சலர் அறை வாசல் வரை போங்கள். அவன் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். இங்கே கிளம்பும் 'சிஸ்மிஸ்', அதாவது ஊர்வம்பு, அன்று சாயங்காலமே மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயத்தால்தான் பலர் சொந்த நாட்டுக்காரர்களிடமே பேசுவதில்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் சந்திப்பு நேரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மனநெருக்கடி உதவி அமைப்பான லைஃப்லைனின் எண் 13 11 14, 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 000.

அந்த அளவுக்குப் போகாத நிலையில், கவுன்சலருக்கு மின்னஞ்சல் எழுதும்போது முழுக்கதையும் வேண்டாம். "இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, படிக்க உட்கார முடியவில்லை, யாரிடமாவது பேச வேண்டும்." இவ்வளவு எழுதினால் நேரம் கொடுப்பார்கள்.