பில்ட் ஃபெயில் ஆனதும் நாம் செய்யும் தவறுகள்: ஃபைலைப் பிடித்திருப்பது யார்?

“அண்ணா, நான் ஒண்ணுமே மாத்தல. காலைல ஓடுச்சு, இப்ப ஓடல.”

எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் வேலைதான் பில்ட். அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது மனப்பாடமான வசனம். கேட்டதும் ‘எதையோ மாத்திட்டு மறைக்கிறான்’ என்றுதான் தோன்றும். ஆனால் பல சமயம் பையன் சொல்வது உண்மைதான். சோர்ஸ் கோடில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் குறுக்கே கை வைத்திருக்கும்.

அப்போது முதலில் செய்கிற தவறு, மெஷினை ரீஸ்டார்ட் செய்வது. பெரும்பாலும் சரியாகிவிடும், அதுதான் சிக்கல். யார் கை வைத்தது என்ற தடயமும் கூடவே அழிந்துபோகும். நாளை மறுநாள் அதே பிழை வரும், மறுபடி ரீஸ்டார்ட். ஐந்து நிமிடம் பொறுத்து ஆளைப் பிடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விண்டோஸில் இந்த வகைப் பிழைகளுக்குச் சில முகங்கள் உண்டு. விஷுவல் சி பிளஸ் பிளஸில் எல்என்கே1104, எல்என்கே1168. டாட்நெட்டில் எம்எஸ்பி3027. நோட்.ஜேஎஸ் பக்கம் போனால் ஈபெர்ம், ஈபிஸி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சங்கதி: பில்ட் எழுதப்போகும் ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். லினக்ஸில் ஒருவர் திறந்து வைத்திருக்கும் ஃபைலையும் அழித்துவிடலாம். பெயர் போய்விடும், உள்ளே இருப்பது கடைசி ஆள் மூடும்வரை உயிரோடு இருக்கும். விண்டோஸில் திறப்பவர் ‘மற்றவர்களும் தொடலாம்’ என்று அனுமதித்துத் திறந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் பிழை எண் 32.

டாட்நெட்டின் பில்ட் கருவியான எம்எஸ்பில்ட் ஒரு நொடி இடைவெளியில் பத்து முறை காப்பி செய்ய முயன்று பார்த்துவிட்டுத்தான் எம்எஸ்பி3027 என்று கைவிரிக்கும். அந்த நீளமான வரியின் கடைசியில், ஃபைலைப் பிடித்திருக்கும் புரோகிராமின் பெயரையும் பிஐடியையும் (அதன் அடையாள எண்) பல நேரம் அதுவே எழுதிவிடுகிறது. நாம்தான் முதல் பாதியைப் படித்ததும் கூகுளுக்கு ஓடிவிடுகிறோம். மேலே சொன்ன தம்பியின் கதையும் அதுதான். வரியின் வால் திரையின் வலது ஓரத்துக்கு அப்பால் இருந்தது. நகர்த்திப் பார்த்தால், காலையில் அவனே டெஸ்டுக்கு ஓடவிட்ட அதே எக்ஸ்இ, ஜன்னலை மூடிய பிறகும் டாஸ்க்பார் மூலையில் உட்கார்ந்திருந்தது.

பெயர் வராவிட்டால் விண்டோஸிலேயே இருக்கும் ரெஸ்மான் (ரிசோர்ஸ் மானிட்டர்) திறந்து, சிபியு டேபில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ தேடலில் ஃபைல் பெயரைத் தட்டுங்கள். புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இருந்தால் கண்ட்ரோல் எஃப். லினக்ஸிலும் ஆப்பிள் மேக்கிலும் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை.

தேடினால் யாருமே இல்லை, ஆனால் பில்ட் மட்டும் நாலில் ஒரு முறை விழுகிறதா? வந்தவர் சில மில்லிநொடி பிடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்: ஆன்டிவைரஸ், சர்ச் இண்டெக்ஸர், பேக்கப். இதற்கு, யார் எந்த ஃபைலைத் தொட்டாலும் வரி வரியாகப் பதியும் ப்ராசஸ் மானிட்டர்தான் மருந்து. அதிலும் ஒரு தவறு நடக்கும்: ‘ஷேரிங் வயலேஷன்’ என்ற வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது. அதில் அடிவாங்கியவர் மட்டும்தான் தெரிவார். பிடித்திருந்தவர் ‘சக்ஸஸ்’ என்ற வரிகளில் இருப்பார். ஃபைல் பாதையை வைத்து மட்டும் வடிகட்டி, பிழை விழுந்த இடத்துக்குச் சற்று மேலே யார் திறந்தார், இன்னும் மூடவில்லை என்று பாருங்கள்.

ஆன்டிவைரஸ் என்று தெரிந்ததும் அதை ஒரேயடியாக நிறுத்துவது அடுத்த தவறு. விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அதுவாகவே எழுந்துகொள்ளும். ஆபீஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் நிறுத்தவே விடாது. ‘இவற்றை ஸ்கேன் செய்யாதே’ என்று சொல்லும் விலக்குப் பட்டியல்தான் வழி. ஆனால் பிராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் அதில் சேர்த்துவிட்டு ‘பயனில்லை’ என்பார்கள். ஜாவா, ஆண்ட்ராய்டு பில்ட் கருவியான கிரேடிலும், டாட்நெட் பேக்கேஜ்களை இறக்கும் நியூகெட்டும் தங்கள் கிடங்கை யூசர் ஃபோல்டரில் வைத்திருக்கின்றன. அதையும் சேர்க்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். இன்னொரு குழப்பம், ப்ராசஸ் விலக்கு. லிங்க்.எக்ஸ்இ (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர்) என்று அங்கே சேர்த்தால், அந்தப் புரோகிராம் திறக்கும் ஃபைல்கள் உடனடி ஸ்கேனிலிருந்து தப்பும்; லிங்க்.எக்ஸ்இ-யே தப்பாது. சி டிரைவ் முழுவதையும் விலக்குபவர்களும் உண்டு. முன்பின் தெரியாத பேக்கேஜ்களை தினமும் இறக்கும் மெஷினில் அது வேண்டாத விஷப்பரீட்சை. விண்டோஸ் 11-இல் டெவலப்பர்களுக்கென்றே டெவ் டிரைவ் என்று தனி டிரைவ் ஒன்று இருக்கிறது. அதில் டிஃபெண்டர் ஃபைலைத் திறக்கவிட்டுப் பிறகு ஸ்கேன் செய்யும்.

டாக்குமெண்ட்ஸுக்குள் பிராஜெக்டை வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேக்கப் ஆன் ஆகியிருந்தால் அந்த ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருக்கிறது. நோட் மாட்யூல்ஸ் என்ற பேக்கேஜ் ஃபோல்டரின் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை பில்ட் எழுத எழுத அது மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். மேக்கில் ஐகிளவுட் செய்வதும் இதே வேலைதான். வெளியே எடுத்து வையுங்கள்.

இனி தொங்கும் பில்ட். எனக்கு இதுதான் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே கண்ணால் பார்ப்பதே பொய்யாகிவிடும். ‘பில்ட் சக்ஸஸ்ஃபுல்’ என்று திரையில் வந்துவிட்டது, ஆனால் கட்டளை முடியவில்லை. கர்சர் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் பில்டைத்தான் சந்தேகிப்பார்கள். பில்ட் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது.

நீங்கள் ‘மேக் | டீ லாக்’ என்று ஓடவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மேக் (make) ஆப்பிள் மெஷின் அல்ல, பில்ட் கருவி. டீ (tee) என்பது வருவதைத் திரையிலும் ஃபைலிலும் எழுதும் கட்டளை. நடுவில் இருக்கும் கோடுதான் இரண்டையும் இணைக்கும் பைப். பைப்பின் ஒரு முனையில் மேக் எழுதுகிறது, மறுமுனையில் டீ படிக்கிறது. எழுதும் முனையை எல்லோரும் மூடினால்தான் டீக்கு ‘அவ்வளவுதான்’ என்ற செய்தி போகும். மேக் நடுவில் ஒரு பின்னணி சர்வரைக் கிளப்பிவிட்டது என்றால், அதுவும் பிறக்கும்போதே அந்த முனையின் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மேக் செத்தாலும் சர்வர் சாகாது. முனை திறந்தே இருக்கும். டீ காத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகும் வாசல் சாவி வேலைக்காரரிடம் இருப்பது மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. மெஷின் பூட் ஆனதும் முதல் பில்ட் தொங்கும், இரண்டாவது தொங்காது. சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டாவது பைப்புக்குள் அது பிறக்கவில்லை. கம்பைலர் கேஷ் சர்வர்கள், ஆண்ட்ராய்டின் ஏடிபி சர்வர் மாதிரி ‘தேவைப்படும்போது தானே எழும்’ வகையறாக்களை முதலில் சந்தேகியுங்கள். பில்டுக்கு முன்பே அவற்றைத் தனியாகக் கிளப்பிவிட்டால் போதும். பைத்தான் ஸ்கிரிப்டில் டைம்அவுட் போட்டும் தொங்குகிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான்: டைம்அவுட் கொல்வது ஸ்கிரிப்ட் கிளப்பிய பிள்ளையை மட்டும், அந்தப் பிள்ளை கிளப்பிய பேரனை அல்ல.

தொங்குகிறது என்றதும், புரோகிராமை அந்த நொடியே கொல்லும் கில் மைனஸ் 9 தட்டுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். சாதாரணமாக நிறுத்தினால் மேக் பாதியில் நிற்கும் ஃபைலை அழித்துவிட்டுத்தான் போகும். மைனஸ் 9-இல் அதற்கு அவகாசமே கிடையாது. பாதி எழுதிய ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைலர் தரும் துண்டு) புத்தம்புதிய நேர முத்திரையோடு அங்கேயே கிடக்கும். அடுத்த பில்டில் மேக் அதைப் பார்த்து ‘இது புதுசு, வேலையில்லை’ என்று தாண்டிப் போகும். லிங்கர்தான் போய் முட்டிக்கொள்ளும். கோடின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ கருவியும் தன் இண்டெக்ஸ் லாக்கை, அதாவது ‘நான் வேலையில் இருக்கிறேன்’ என்று வைக்கும் அடையாள ஃபைலை, விட்டுச் செல்வது இப்படித்தான்.

இப்படி ஒரு லாக் ஃபைலைக் கண்டதும் அழிப்பது, மைனஸ் 9 தவறின் உடன்பிறப்பு. உபுண்டு சர்வர் பூட் ஆனதும் ‘டிபிகேஜி லாக் கிடைக்கவில்லை’ என்று பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் கட்டளை நின்றால், பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். லாக்கை அழித்தால் இரண்டு பேர் ஒரே பேக்கேஜ் தரவில் எழுதுவார்கள். காத்திருங்கள். ஆப்டுக்கே லாக்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் ஆப்ஷன் உண்டு.

கிரேடில் பின்னணியில் விட்டுவைக்கும் டீமன் என்ற ப்ராசஸ் பற்றி ஒரு வார்த்தை. வேலை இல்லாமல் மூன்று மணி நேரம் இருந்த பிறகுதான் அது போகும். கோட் எழுதும் ஐடிஇயில் ஜாவாவின் ஒரு ஜேடிகே, டெர்மினலில் இன்னொன்று என்றால் இரண்டு டீமன்கள், இரண்டும் மெமரியைப் பிடிக்கும். மெமரி போதாமல் லினக்ஸ் எதையாவது சுட்டுத் தள்ளினால் 137 என்ற எக்ஸிட் கோட் வரும், அதாவது 128-உடன் 9. கம்பைலரில் பிழை தேடி அலையாமல் லினக்ஸ் கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜைப் பாருங்கள். ‘கிரேடில் --ஸ்டாப்’ அதே வெர்ஷன் டீமன்களை மட்டும்தான் நிறுத்தும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆப்பிள் மேக்கில் ஃபிளாஸ்க் (பைத்தான் வெப் சர்வர்) எழுந்திருக்காமல் போர்ட் 5000 பிஸி என்றால், மேக்ஓஎஸ் மாண்டெரே முதல் அதை ஏர்ப்ளே ரிசீவர் பிடித்துக்கொள்கிறது. லினக்ஸில் ஃபைல் மாறுகிறதா என்று கண்காணிக்கும் வாட்சர்கள் தீர்ந்தாலும் ‘டிஸ்கில் இடமில்லை’ என்ற ஈநோஸ்பேஸ் வரும். டிஸ்கைக் காலி செய்துகொண்டிருக்காதீர்கள், அந்த வாட்சர்களுக்கான ஐநோடிஃபை வரம்பைக் கூட்டுங்கள்.

கொஞ்சம் அரிதான, ஆனால் ஆளையே சுற்றவிடும் ஒன்று, லினக்ஸ் கருவிகளை விண்டோஸில் ஓடவைக்கும் சிக்வின், கிட் பாஷ் உலகத்தில் உண்டு. ஒரு ப்ராசஸ் தன்னையே இரண்டாக்கிக்கொள்ளும் ஃபோர்க் விண்டோஸில் கிடையாது. சிக்வின் அதை நடித்துக் காட்டுகிறது: புதிய ப்ராசஸ் ஒன்றை எழுப்பி, தாயின் மெமரியை அப்படியே நகலெடுக்கிறது. புரோகிராம் ஏற்றிக்கொள்ளும் எல்லா டிஎல்எல்லும் (லைப்ரரி ஃபைல்) தாயிடம் இருந்த அதே முகவரியில் பிள்ளையிடமும் உட்கார வேண்டும். ஏதாவது ஆன்டிவைரஸோ வெப்கேம் மென்பொருளோ எல்லா ப்ராசஸுக்குள்ளும் தன் டிஎல்எல்லை நுழைக்கிறது என்றால், அது அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். ஃபோர்க் விழும். பில்டுக்கு முன் மெஷினைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒன்று ஆயிரக்கணக்கில் ஃபோர்க் செய்வதால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியில் விழும். பேய் பிடித்தது போலத் தெரியும். இப்படிப்பட்ட செயலிகளுக்கென்றே சிக்வின் தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, பிளோடா என்று பெயர். இங்கே நடக்கும் தவறு, டாஸ்க்பாரில் அதை ‘டிசேபிள்’ செய்துவிட்டு ‘அது காரணமில்லை’ என்று முடிவு கட்டுவது. ஐகான் போனாலும் டிரைவரும் டிஎல்எல்லும் உள்ளேயே இருக்கும். சில செயலிகளை அன்இன்ஸ்டால் செய்தால்தான் தெரியவரும்.

எந்தப் பின்னணிப் புரோகிராமும் கிடைக்காமல் விண்டோஸில் பில்ட் நாற்பது நிமிடமாக அசையாமல் நிற்கிறதா? பழைய கறுப்பு கன்சோல் ஜன்னல் என்றால் அதன் தலைப்பைப் பாருங்கள். ‘செலக்ட்’ என்று ஆரம்பித்தால், நீங்கள்தான் டீ குடிக்கப் போகும் அவசரத்தில் கறுப்பில் எங்கோ ஒரு கிளிக் செய்து, எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் போய் அதை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். எஸ்கேப் தட்டுங்கள், ஓடும்.