கணக்கை அழித்த பிறகும் போய்க்கொண்டிருந்த பணம்

சனிக்கிழமைகளில் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பெரியவர்களுக்குக் கைப்பேசி பழக்கித் தருகிறேன். போன வாரம் ஒரு பெரியம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் தமிழ் எழுத்துக் கற்றவர். வாசித்துப் பழகவே சென்னையிலிருந்து வரும் ஒரு செய்திச் செயலிக்குச் சந்தா கட்டியிருந்தார். கண் மங்குகிறது, இனி வேண்டாம் என்று கணக்கைத் தானே அழித்துவிட்டார். "எல்லாம் முடித்துவிட்டேன் தம்பி, ஆனால் பணம் எடுத்ததாக வங்கியிலிருந்து இன்னும் செய்தி வருகிறதே" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவறைத்தான் செய்தேன்.

செயலியை அகற்றினால் மட்டும் கணக்கு போய்விடாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். கணக்கை நீக்கும்போது நடக்கும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

சந்தாவை நிறுத்துமுன் கணக்கை அழிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. கணக்கு இருப்பது செய்தி நிறுவனத்திடம். சந்தாப் பணத்தைப் பிடிப்பதோ பெரும்பாலும் கூகுள் பிளே அல்லது ஆப்பிளின் ஆப் ஸ்டோர். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்துக்கும் தெரிந்துவிடும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அதற்கு எந்த உறுதியும் இல்லை.

நான் அழித்தபோது, "உங்கள் கணக்கு நீக்கப்பட்டது" என்று மின்னஞ்சலே வந்தது. அதை நம்பி ஏழு மாதம் வங்கி அறிக்கையைத் திறந்து பார்க்கவில்லை. பிறகு பதறிப்போய் நிறுவனத்துக்கு எழுதினால், இந்த மின்னஞ்சலில் எங்களிடம் வாசகர் எவரும் இல்லை என்று பதில் வருகிறது. அவர்கள் சொன்னது உண்மைதான். கேட்கும் உரிமைக்கு ஆதாரமாக இருந்த ஒரே பதிவை நானே அழித்திருந்தேன்.

ஆகவே முதலில் சந்தா. கூகுள் பிளேயில் உங்கள் படத்தைத் தொட்டால் கட்டணங்களும் சந்தாக்களும் இருக்கும் பகுதி வரும். ஐபோனில் அமைப்புகளுக்குள் உங்கள் பெயரைத் தொட்டுச் சந்தாக்களுக்குப் போங்கள். ரத்து செய்ததாக உறுதி வந்த பிறகே கணக்கில் கை வையுங்கள். பட்டியலில் சந்தா தென்படவில்லையென்றால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக அட்டை எண்ணைக் கொடுத்திருக்கலாம். நம் ஊரில் ஏர்டைமிலிருந்து, அதாவது கைப்பேசியில் பேசுவதற்கு முன்கூட்டிப் போடும் பணத்திலிருந்து, கழிக்கும் சந்தாக்களும் உண்டு.

பெரியம்மாவின் பட்டியலும் காலியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் தேடினோம். கைப்பேசியை அமைத்துக் கொடுத்தது பேரன். சந்தா அவனுடைய கூகுள் கணக்கில் இருந்தது, அட்டை மட்டும் பாட்டியுடையது. வீட்டுப் பிள்ளைகள் அமைத்துத் தரும் கைப்பேசிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கைப்பேசியில் எத்தனை கூகுள் கணக்குகள் இருக்கின்றனவோ அத்தனையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பழைய சிம்மை முதலில் கைவிடுவது

அந்த எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால், நீக்கும்போது கேட்கும் சரிபார்ப்புக் குறியீடு அதற்குத்தான் வரும். கணக்கு போன பிறகு எண்ணை விடுங்கள்.

நீக்கும் வழியே இல்லை என்று முடிவு கட்டுவது

கணக்குத் தொடங்கவிடும் செயலி, அதை நீக்கும் வழியையும் உள்ளேயே தர வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கிறது. கூகுள் பிளேயும் பின்னர் இதே விதியைக் கொண்டுவந்து, இணையத்திலும் ஒரு வழி வேண்டும் என்றது. அதனால் அகற்றிய செயலியை மறுபடி நிறுவ வேண்டியதில்லை; பிளே ஸ்டோரில் அதன் தரவுப் பாதுகாப்புப் பகுதியைப் பாருங்கள்.

காத்திருப்பு நாட்களில் எட்டிப் பார்ப்பது

சில சேவைகள் கணக்கை உடனே அழிக்காமல் 30 நாள் பொறுக்கும். இடையில் உள்ளே நுழைந்தால் நீக்கக் கோரிக்கை ரத்தாகிவிடக்கூடும்.

கூகுள், பேஸ்புக் வழியே நுழைந்ததை மறப்பது

அந்தக் கணக்குகளின் அமைப்புகளில் செய்திச் செயலியின் இணைப்பைத் துண்டியுங்கள். விளம்பரங்களுக்காக உங்கள் கைப்பேசியை அடையாளம் காட்டும் விளம்பர ஐடியையும் ஆண்ட்ராய்டில் அழித்துவிடலாம்.

சட்டம் இருக்கிறது என்பதை மறப்பது

நம் நாட்டு நிறுவனமென்றால் தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா (POPIA) சட்டம் இருக்கிறது. 2013-இன் 4-ஆம் சட்டம். 2021 ஜூலை 1 முதல் நிறுவனங்கள் இதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். தேவைக்கு மிஞ்சிய, காலாவதியான தகவலை அழிக்கக் கேட்கும் உரிமையை அதன் 24-ஆம் பிரிவு தருகிறது. வரிக் கணக்குக்கான ரசீதுகள் போலச் சட்டப்படி வைத்திருக்க வேண்டியவற்றை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடுங்கள்.

பெரியம்மாவின் செயலி சென்னையிலிருந்து வருவதால் இந்த வழி அவருக்கு எளிதல்ல. பேரனை அழைத்துச் சந்தாவை ரத்து செய்தோம். பிடித்த பணத்தைத் திருப்பித் தரும்படி அவன் கணக்கிலிருந்தே கூகுளுக்கு எழுதியிருக்கிறோம்.