ஹோட்டல் என்று போட்டால் ரூம் கேட்பார்கள்: மேப்பில் கடை வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

திருப்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு மெஸ் இருக்கிறது. மதியம் சாப்பாடு, ராத்திரி தோசை, புரோட்டா. பனியன் கம்பெனி ஆட்கள்தான் பெரும்பாலும் சாப்பிட வருவார்கள். அந்தக் கடைக்கார அண்ணன் ஒருநாள் போனை நீட்டி, "தம்பி, தினமும் நாலு பேரு கூப்பிட்டு ஏசி ரூம் எவ்வளவுங்கன்னு கேக்கறாங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். திறந்து பார்த்தால் கூகுள் மேப்பில் கடை பெயருக்குக் கீழே 'ஹோட்டல்' என்று இருக்கிறது. அவர் தெரியாமல் போட்டது அது. ஆனால் அவரைக் குறை சொல்லவே முடியாது, ஏனென்றால் கடை போர்டிலேயே ஹோட்டல் என்றுதான் எழுதியிருக்கிறார், ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். கூகுளுக்கு அது தங்குகிற இடம். அதனால் செக்-இன் எத்தனை மணிக்கு, செக்-அவுட் எத்தனை மணிக்கு, அறையில் என்னென்ன வசதி என்று கேட்டுக்கொண்டே போகிறது. அண்ணனோ மெனு போடுகிற இடம் எங்கே என்று ரெண்டு மாதமாகத் தேடியிருக்கிறார்.

நம் ஊர்க் கடைகளில் வகை தப்பாகப் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவசரம், அலட்சியம் எல்லாம் அப்புறம்தான். நாம் தினமும் புழங்குகிற ஆங்கில வார்த்தைகள் தமிழுக்குள் வந்து வேறு அர்த்தத்தில் உட்கார்ந்துவிட்டன. மேப் அதே வார்த்தையை அதன் பழைய அர்த்தத்தில் வைத்திருக்கிறது. போர்டில் இருக்கிற வார்த்தையை அப்படியே டைப் செய்து, முதலில் வருவதைத் தொட்டுவிட்டால் முடிந்தது கதை.

இன்னும் மோசமான உதாரணம் 'மெடிக்கல்'. மருந்துக் கடையை நாம் மெடிக்கல் என்கிறோம். வகைப் பெட்டியில் மெடிக்கல் என்று அடித்துப் பாருங்கள், மெடிக்கல் கிளினிக், மெடிக்கல் சென்டர் என்றுதான் வரிசையாக வரும். மருந்துக் கடைக்கு அங்கே உள்ள பெயர் பார்மசி. எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக் கடை இப்படித்தான் கிளினிக் ஆகிவிட்டது. ஒரு ராத்திரி பத்தரை மணி இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது, காய்ச்சலில் துவண்டு கிடக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அப்பா பைக்கில் வந்து நிற்கிறார். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர், மேப் பார்த்து வந்திருக்கிறார். டாக்டர் இல்லை, இது மருந்துக் கடை என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைக் கடைக்காரர் என்னிடம் ரெண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். அவரே வழி சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் முதல் வேலையாக வகையை மாற்றினோம்.

அதே கடையில் சாயங்காலம் 6 மணியிலிருந்து 8 மணிவரை ஒரு டாக்டர் வந்து உட்காருகிறார். அப்படியானால் கிளினிக் என்று இரண்டாவது வகையாகவாவது சேர்க்கலாமே என்று கேட்டார்கள். கூடாது. டாக்டர் அங்கே உட்காருகிறார், ஆனால் கிளினிக் அவருடையது, மருந்துக் கடையுடையது அல்ல. அவருக்குத் தனியாக ஒரு பக்கம் தொடங்கி, அவர் இருக்கிற நேரத்தை மட்டும் அதில் போட வேண்டும். சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு வங்கியின் ஏடிஎம் இருந்தாலும் இதே கணக்குதான்: நீங்கள் நடத்தாத தொழிலின் வகை உங்கள் பக்கத்தில் வரக்கூடாது.

சரி, இந்த வகை எப்படி வேலை செய்கிறது? மேப்பில் நம் கடைக்கென்று இருக்கிற பக்கத்தைக் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று இப்போது சொல்கிறார்கள், 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது. அதில் வகையை நாமாக எழுத முடியாது. ஆயிரக்கணக்கான வகைகள் கொண்ட பட்டியல் ஒன்றை அவர்களே வைத்திருக்கிறார்கள், அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு முதன்மை வகை, கூடவே 9 கூடுதல் வகைகள் வரை போடலாம். கடை பெயருக்குக் கீழே ஜனங்கள் பார்ப்பது முதன்மை வகையைத்தான். ஒருவர் தேடும்போது எந்தக் கடையை முதலில் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது, பிரபலம் ஒரே நாளில் வராது, பொருத்தம் மட்டும்தான் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு முதல் ஆதாரம் வகை.

பத்து இடம் இருக்கிறதே என்று பத்தையும் நிரப்புவது அடுத்த தவறு. ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், பேனா, நோட்டு, கூரியர் வாங்கி அனுப்புவது, கோடையில் குளிர்பானம். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு வகை போட்டு, போட்டோ ஸ்டுடியோ, மொபைல் கடை, கூரியர் ஆபீஸ், பேக்கரி வரைக்கும் சேர்த்தால், கல்யாண ஆல்பம் விசாரிக்க வருகிறவரும் உடைந்த போனை எடுத்துக்கொண்டு வருகிறவரும் உங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள், ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டும் போவார்கள். கூகுளின் விதியே மிகத் தெளிவு: இந்தக் கடை என்ன என்பதற்குத்தான் வகை, இந்தக் கடையில் என்னென்ன இருக்கிறது என்பதற்கு அல்ல. தமிழில் சொல்லிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். 'இது ஜெராக்ஸ் கடை' என்று வாயில் வருகிறது. 'இது கூரியர் ஆபீஸ்' என்று சொல்ல வாய் வராது, 'இங்கே கூரியரும் வாங்குவாங்க' என்றுதான் வரும். இப்படி 'உம்' போட்டுச் சொல்கிற எதையும் வகையில் சேர்க்காதீர்கள். அதற்கெல்லாம் சேவைகள், பொருட்கள் என்று தனிப் பகுதிகள் இருக்கின்றன, அங்கே தாராளமாக எழுதுங்கள். நல்ல போட்டோவும் போடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, பொதுவான வகையோடு நின்றுவிடுவது. மெஸ் அண்ணனுக்கு முதலில் ரெஸ்டாரண்ட் என்று மாற்றலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பட்டியலில் தென்னிந்திய உணவகம், சைவ உணவகம், பிரியாணி உணவகம் என்று தனித்தனியாக இருக்கிறது. அவர் கடைக்குத் தென்னிந்திய உணவகம்தான் கச்சிதம். சைவம் மட்டும் சமைக்கிற கடையாக இருந்தால் சைவ உணவகம் என்பதைக் கட்டாயம் சேர்த்திருப்பேன், அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவேன் என்கிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! தையல் கடைக்காரர் துணிக்கடை என்று போட்டுவிட்டு, ரெடிமேட் சட்டை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதும் இதே ரகம்.

திருப்பூர்க்காரன் என்பதால் பனியன் கம்பெனி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே கம்பெனி என்றால் தைக்கிற இடம். ஆயிரம் பீஸ் ஆர்டருக்குக் குறைந்து பேசவே மாட்டார்கள் சிலர். அந்தக் கம்பெனி மேப்பில் 'துணிக்கடை' என்று இருந்தால், கோயம்புத்தூரிலிருந்தோ கேரளாவிலிருந்தோ குடும்பத்தோடு வந்தவர்கள் நாலு டீ-ஷர்ட் வாங்கலாம் என்று கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள், வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். அவர்கள் போயிருக்க வேண்டிய இடம், பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டை. தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, ஏற்றுமதியாளர், சில்லறைக் கடை: இந்த நாலும் மேப்பில் நாலு வேறு வகைகள். ஒரே முதலாளி தயாரிப்பும் செய்து, வேறு தெருவில் சில்லறைக் கடையும் வைத்திருந்தால், ரெண்டு இடத்துக்கும் ரெண்டு பக்கம், ரெண்டு வகை. ஆர்டர் கொடுக்க வருகிற வியாபாரியும் 'துணிக்கடை' என்று பார்த்தால் இது நமக்கான இடம் இல்லை என்று தாண்டிப் போய்விடுவார், அந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியாது.

வகையில் போட முடியாததைக் கடை பெயரில் போடுகிற பழக்கம் ஒன்று பரவிக்கொண்டிருக்கிறது. கடை பெயர், அதற்குப் பின்னால் பெஸ்ட் டெய்லர், பிளவுஸ் ஸ்பெஷலிஸ்ட், ஊர் பெயர் என்று நீள வால். வேண்டாம். பெயர் போர்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்பது விதி, மீறினால் உங்கள் பக்கத்தையே கூகுள் முடக்கிவிடலாம். முடங்கிய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாடு யாருக்கும் வரக்கூடாது.

மாற்றுவது எப்படி என்றால், கடையின் பக்கம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அதில் நுழைந்து கூகுளில் கடை பெயரைத் தேடுங்கள், எடிட் ப்ரொஃபைல் என்று வரும், அதற்குள் பிசினஸ் கேட்டகரி. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாடிக்கையாளர் தேடுகிற மாதிரியே தேடி, உங்கள் தொழிலில் நன்றாக ஓடுகிற நாலைந்து கடைகளின் பெயருக்குக் கீழே என்ன வகை இருக்கிறது என்று பாருங்கள். காப்பியடிக்க அல்ல, பட்டியலில் என்னென்ன வார்த்தைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள. வகையை மாற்றினால் சிலசமயம் கடையை மறுபடி சரிபார்க்கச் சொல்லும். வீடியோ கேட்டால் தெரு, போர்டு, கடை உள்ளே, நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்கு ஏதாவது, உதாரணமாக கல்லாவைத் திறப்பது, எல்லாவற்றையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். அதனால் தீபாவளி வாரத்தில் இதில் கை வைக்காதீர்கள். வாராவாரம் மாற்றி மாற்றிப் பார்ப்பதும் வேண்டாம்.

ஆனால் மாதத்துக்கு ஒருதடவை பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேப்பைப் பயன்படுத்துகிற யாரும் திருத்தம் பரிந்துரைக்கலாம், உங்கள் வகை உங்களுக்குத் தெரியாமலே மாறியிருக்கலாம். கூகுளைச் சேராத ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இன்னொரு இணைய வரைபடத்தில் இது இன்னும் நேரடி, 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தைக் கணக்கு வைத்திருக்கிற யாரும் திருத்தலாம், அதன் தகவலை எடுத்து ஓடுகிற செயலிகளும் நிறைய. அங்கேயும் ஹோட்டல் என்றால் தங்குமிடம்தான், சாப்பாட்டுக் கடைக்கு ரெஸ்டாரண்ட் என்று வேறு குறி.

இந்தத் திருத்த வசதியை நல்லதற்கும் பயன்படுத்தலாம். உங்கள் தெருவில் கிளினிக் என்று காட்டுகிற மருந்துக் கடை ஏதாவது இருந்தால், முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கணக்கும் பாஸ்வேர்டும் தெரியவில்லை, யாரோ பையன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான் என்பார், பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். பரவாயில்லை, கூகுள் மேப்பில் அந்தக் கடையைத் தொட்டு, திருத்தம் பரிந்துரைப்பதற்கான இடத்தில் வகையைப் பார்மசி என்று மாற்றி அனுப்புங்கள், போர்டு தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் ஏற்றிவிடுங்கள்.