பழைய இசைத்தட்டைக் கணினிக்கு மாற்றும்போது

ஐப்பசி அடைமழை முடிந்த கையோடு கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் எல்.பி. இசைத்தட்டுகளைப் பார்த்தால் பூஞ்சை பூத்திருக்கும். அப்படியே ஓட்டினால் ஊசிக்கும் கேடு, பதிவிலும் பொரியும் சத்தம்தான் மிஞ்சும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் வரித்தடத்தின் போக்கிலேயே துடையுங்கள்; குறுக்கே தேய்க்கவே கூடாது. பிறகு வெறும் வடிநீரால் அலசி நிழலில் உலர்த்துங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும்.

டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டைச் சுழற்றி ஓட்டும் கருவியை, நேரே கணினியில் செருகினால் ஒலி சன்னமாகத்தான் வரும். இடையில் அந்தச் சன்ன ஒலியைப் பெருக்கித் தரும் ஃபோனோ பிரீஆம்ப் என்ற சிறு கருவி தேவை. மிக உரத்த இடத்திலும் அளவுகாட்டி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து, 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள்.

பாட்டுப் பாட்டாக நிறுத்திப் பதிவது, விசித்திர ஒலிகளைக் கலந்து மயக்கும் சைக்கடெலிக் ராக் இசைக்கு ஒத்துவராது. பீட்டில்ஸின் 1967 ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’டில் முதல் பாட்டு இடைவெளியே இல்லாமல் இரண்டாவதற்குள் நுழைந்துவிடும். அதன் முதல் பிரிட்டிஷ் பதிப்பில் இரண்டாம் பக்கத்துக் கடைசி வளையத்திலும் (பாட்டு முடிந்தபின் ஊசி சுற்றிக்கொண்டே இருக்கும் தடம்) குரல்கள் ஓயாமல் சுழலும். ஊசி பொருத்திய கையைத் தானாகத் தூக்கிவிடும் டர்ன்டேபிள் அந்தக் குறும்பை விழுங்கிவிடும். ஆகவே ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதிந்துவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பிறகு நறுக்கிக்கொள்ளலாம். ரீங்காரம் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.