குளத்தை அள்ளி வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்: தரவுத்தளத்தோடு பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அறிய யாரும் தண்ணீரை அள்ளி வந்து வீட்டில் அளப்பதில்லை. குளத்தடிக்குப் போய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வருகிறோம். கிளிநொச்சியில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, அதாவது வினவலை, நிரல் மொழிக்குள்ளேயே எழுதும் வசதி புதிதல்ல. சி ஷார்ப்புக்கு 2007இல் லிங்க் (LINQ) வந்தது. ஆர் மொழிக்கு டிபிபிளையர் (dbplyr) இருக்கிறது. நாம் எழுதும் வரிகளை இவை தரவுத்தளத்துக்குப் புரியும் மொழியான எஸ்க்யூஎல்லாக (SQL) மாற்றித் தரவுத்தளத்துக்கு அனுப்பும். வேலை அங்கே நடக்கும், விடை மட்டும் இங்கே வரும். அந்த ஒழுங்கு எந்த வரியில் உடைகிறது என்று கவனிக்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

சென்ற காலபோக நேரம் ஒரு தம்பி பல வருட மழைப் பதிவுகளில் இருந்து மாதச் சராசரி எடுக்கப் பார்த்தார். ஆர் மொழி, போன் ஹொட்ஸ்பொட், பழைய லப்டொப். மாதவாரியாகப் பிரிக்கும் வரிக்கு முன்னாலேயே 'கலெக்ட்' (விடையை இங்கே இறக்கு) என்று எழுதியிருந்தார். முழு அட்டவணையும் இறங்கத் தொடங்கியது. டேட்டா முடிந்தது, லப்டொப்பும் அசையாமல் நின்றுவிட்டது. அந்த ஒரு சொல்லைக் கடைசி வரிக்கு இறக்கினோம். வருடத்துக்குப் பன்னிரண்டு வரி, உடனே வந்தது.

சி ஷார்ப்பில் இடையில் 'டூலிஸ்ட்' போட்டாலும் இதே கதைதான். சி ஷார்ப்பில் தரவுத்தளத்தோடு பேச உதவும் என்டிட்டி பிரேம்வொர்க் கோரின் பழைய பதிப்புகள், நாம் எழுதிய சொந்தப் பங்ஷனை மொழிபெயர்க்க முடியாவிட்டால் சத்தமில்லாமல் வரிகளை இழுத்துவந்து இங்கே வடிகட்டின. 2019இல் வந்த 3.0 பதிப்பு அந்த இடத்தில் பிழை காட்டி நிறுத்துகிறது. மிக நல்ல மாற்றம். பிழை வந்தால் அதை மறைக்க வழி தேடாதீர்கள், நிபந்தனையை மாற்றி எழுதுங்கள்.

பைதனில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசச் சைக்கோபிஜி பாவிப்பவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு வரியாக வாசித்தாலும், முடிவை வாசிக்கத் திறக்கும் சாதாரண கேர்சர் முழு முடிவையும் முதலிலேயே நினைவகத்துக்குக் கொண்டு வந்துவிடும். பெயர் கொடுத்துக் கேர்சர் திறந்தால்தான் பகுதி பகுதியாக வரும்.

அப்புறம், தேதியில் இருந்து வருடத்தைப் பிரித்தெடுத்து 2023 உடன் ஒப்பிடாதீர்கள். தேடலை விரைவாக்கத் தேதிக்குப் போட்ட சாதாரண இன்டெக்ஸ் அதற்கு உதவாது. 2023 ஜனவரி 1 முதல், 2024 ஜனவரி 1க்கு முன் என்று எல்லை கொடுங்கள். ஒவ்வொரு குளத்துக்கும் லூப்பில் தனி வினவல் அனுப்பாதீர்கள், ஒரே வினவலில் கேட்கலாம். பயனர் தரும் சொல்லை எஸ்க்யூஎல்லுக்குள் ஒட்டவே ஒட்டாதீர்கள், அளவுருவாக (parameter) தனியே கொடுங்கள்.

மழைக்கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. மழை பெய்யாத நாள் 0. மழைமானியை யாரும் வாசிக்காத நாள் வெற்று. 'மழை 0 அல்லாத நாட்கள்' என்று கேட்டால் எஸ்க்யூஎல் வெற்று நாட்களை விட்டுவிடும். பைதனின் தரவு நூலகமான பாண்டாஸ் அவற்றையும் சேர்த்துக்கொள்ளும். ஒரே கேள்விக்கு இரண்டு விடை! வெற்றை என்ன செய்வது என்று நீங்களே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எழுதியதும், போகப்போகும் எஸ்க்யூஎல்லைக் கண்ணால் பாருங்கள். டிபிபிளையரில் 'ஷோ குவெரி' காட்டும். தம்பி முதலில் எழுதிய நிரலில் 'கலெக்ட்' வரையான பகுதிக்கு அதைப் போட்டுப் பார்த்தோம். மாதவாரியாகப் பிரிக்கச் சொல்லும் 'குரூப் பை' என்ற சொல்லே அதில் இல்லை.